ஆறாம் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை

"கையை எடுத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா…"

"தரை ஈரமா இருந்துச்சு. துடைச்சவங்க அப்படியே போட்டுட்டுப் போயி…"

"நான் தரையைக் கேக்கலை."

"நான் தரையைத்தான் சொல்றேன். நீ எதைக் கேட்டாலும் தரையைத்தான் சொல்லுவேன்."

"அப்பா சரியும்போது ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு ஒரு அடி பின்னாடி போனியாம். பாத்தவங்க சொல்றாங்க…"

"பாத்தவங்க யாரு? அந்த ஆயா புயல்தானே? அவ வண்டி தள்ளிட்டு வர்ற வேகத்துக்கு அவ கண்ணுக்கு எதுதான் நேரா தெரியும்?"

"அவங்களைக் குத்தம் சொல்லாதே."

"அப்ப என்னைச் சொல்லு. அதுக்குத்தானே வேலையை விட்டுட்டு ஓடி வந்திருக்கே."

முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், ஆறாம் அறையில், மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகள் போன பிறகு இந்தச் சண்டை. கேட்டவள் மகள், பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பதில் சொன்னவள் கண்ணாடியம்மா. சண்டைக்குக் காரணமான மனிதர் இருவருக்கும் நடுவே கட்டிலில் படுத்து, மாவுக்கட்டுப் போட்ட இடது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசினா எனக்குப் புரியும்," என்றார் அவர். "சேந்து பேசினா டீக்கடையில படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

"நீங்க சும்மா இருங்கப்பா."

"சும்மாதான் இருக்கேன். வேற என்ன செய்யச் சொல்றே, இந்தக் கையோட?"

இல்லத்தில் அவரைக் கண்ணாடி ஐயா என்பார்கள், அவளைக் கண்ணாடியம்மா. மூக்குக் கண்ணாடி இரண்டு பேரும் போடுவதில்லை. ஐம்பது வருடம் கண்ணாடி வெட்டி, ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் பொருத்திய கை அவர்களுடையது. வந்த முதல் வாரமே சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சட்டத்துல சரியா உக்காரலை, காத்தடிச்சா பல்லு கடிக்கும்," என்று ஐயா சொன்னார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

இல்லத்துக்கு ஒரு விதி உண்டு. சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து சாப்பிட முடிகிறவர்கள் கீழே. முடியாதவர்கள் மாடியில். மாடியில் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி, சக்கர நாற்காலிக்கு இடுப்புப் பட்டை, காபிக்கு மூக்கு வைத்த கோப்பை. பார்க்கப் போகிறவர்கள் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை போகலாம். கட்டின மனைவியானாலும் அதே மூன்று முதல் ஐந்துதான்.

ஐயாவுக்கு இரண்டு வருடமாகக் கால் ஒட்டிக்கொள்ளும். வலி கிடையாது, வீக்கம் கிடையாது. நடக்க வேண்டும் என்று தலை சொல்லும், கால் கேட்காது. வாசற்படியில் நின்றால் நின்றபடிதான். நரம்பு சம்பந்தப்பட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். பிடித்து நடக்கும் நாலு கால் சட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மேடைப் பேச்சாளர் மாதிரி நின்றார். பணிப்பெண் எதிரே நின்று, "வாங்க ஐயா, வாங்க ஐயா," என்று கெஞ்சினாள். அசையவில்லை. கண்ணாடியம்மா எதிரே வந்து நின்று, அவர் முழங்கைகளைப் பிடித்து, "வா. ஒண்ணு. ரெண்டு," என்றதும் கால் கிளம்பியது.

அவள் அவரை நீ என்றது கேட்டுக் கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு. நாலாம் அறையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், "ஐம்பது வருஷத்துக் கடனை அம்மா இப்பத் தீக்கறாங்க," என்றார்.

விஷயம் அதுவல்ல. பட்டறையிலும் அப்படித்தான். வீட்டில் 'ஏங்க', 'வாங்க', 'சாப்பிடுங்க' எல்லாம் உண்டு. நடுவே ஒரு கண்ணாடி வந்துவிட்டால் மரியாதை போய்விடும். பெரிய கண்ணாடியை இரண்டு பேர் எதிரும் புதிருமாகத் தூக்கும்போது ஒருவர் முன்னால் பார்த்து நடப்பார், ஒருவர் பின்பக்கமாக நடப்பார். கனம் அதிகமுள்ள பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பது எப்போதும் அவர். வழி சொல்வது அவள். "படி. ஒண்ணு. இன்னொண்ணு. இடது. நில்லு. திரும்பு." 'திரும்புங்க' என்று சொல்லி முடிப்பதற்குள் மூலை கதவில் இடித்துவிடும். கண்ணால் பார்க்காத வழியில், அவள் குரலை மட்டும் நம்பி, அவர் கால் ஐம்பது வருடம் நடந்திருக்கிறது. இப்போது இடம் மாறி, பின்பக்கமாக நடப்பது அவள் என்று ஆகிவிட்டது. தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு ஒரு சொல். கால் அந்தக் குரலை மறக்கவில்லை.

ஆறாம் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை எழுபது காலடி தூரம். காலைக் காபிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. இரண்டு வருடமாகத் தப்பாமல் நடந்த நடை முந்தின நாள் காலையில், கூடத்து வாசலுக்கு மூன்று எட்டு இருக்கும்போது தப்பியது. ஈரத் தரையில் அவர் குதிகால் வழுக்கியது. பிடித்திருந்த கைகள் விட்டன.

"நாளைக்குப் பத்து மணிக்கு மேட்ரன் வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது. "மாடிக்கு மாத்தணும்னுதான் சொல்லப் போறாங்க. நானும் சரின்னுதான் சொல்லப் போறேன். மணிக்கட்டோட போச்சு. அடுத்த தடவை இடுப்பா இருந்தா?"

"மாடியில நான் எப்படி இருக்கிறது?" என்றாள் அம்மா.

"நீ எதுக்கு மாடியில இருக்கணும்? நீ நல்லாத்தானே இருக்கே. நீ இங்கதான்."

"அதைத்தான் கேட்டேன்," என்றாள் கண்ணாடியம்மா.

மகள் பையை எடுத்துக்கொண்டாள். அப்பாவின் காலைப் போர்வைக்கு மேலேயே ஒரு தரம் அமுக்கிவிட்டுப் போனாள்.

*

சாயங்காலம் காற்று எழுந்தது. மற்றவர்களுக்கு மழைதான் கவலை. கண்ணாடித் தொழிலில் இருந்தவர்களுக்குக் காற்று. ஜன்னல் கொஞ்சம் அதிர்ந்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அங்கே பார்த்தார்கள்.

"அன்னிக்கு இந்த மாதிரிதான் அடிச்சுது," என்றார் ஐயா. "துணிக்கடை முகப்புக் கண்ணாடி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகணும்."

"ஆளுயரத்துக்கு ஒண்ணரை மடங்கு. கூட ரெண்டு ஆளைக் கூப்பிட்டுக்கலாம்னேன், கேட்டீங்களா?"

"நடு ரோட்டுல பாய்மரம் மாதிரி இழுத்துச்சு. பஸ்காரன் நிறுத்திட்டான். பஸ்ல இருந்த அத்தனை பேரும் எட்டிப் பாக்கறாங்க. நீ என்ன சொன்னே தெரியுமா?"

"என்ன சொன்னேன்?"

"'பஸ்ஸைப் பாக்காதே, என்னைப் பாரு'ன்னே."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. எல்லாரும் பாக்கறாங்கன்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு."

"அந்தக் கண்ணாடி உடையலை."

"அது உடையலை."

பட்டறை ஒரு நீள அறை. ஒரு சுவர் ஓரமாகக் கண்ணாடிகள் வைக்கோல் மேல் சாய்ந்து நிற்கும். நடுவில் பழைய கம்பளம் விரித்த மேசை. கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டும் பட்டியின் வாசமும் ஆளிவிதை எண்ணெய் வாசமும் துணியிலும் தலைமுடியிலும் ஏறிவிடும், தூங்கும்போதும் போகாது. அவர் கண்ணாடி மேல் கட்டரை வைத்து ஒரே இழுப்பாக இழுப்பார். துணி கிழிவதுபோல ஒரு மெல்லிய சத்தம். அதன் பிறகு கீழே ஒரு தட்டு, மேலே ஒரு அழுத்து. பிரிந்த ஓரத்தை அவள் கல்லால் தேய்ப்பாள். மகள் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். மூன்று மணிக்குத்தான் சாப்பாடு. சாப்பிடுவதற்கு முன்னால் மூன்று தடவை கை கழுவ வேண்டும், சட்டையை உதறிவிட்டு வெளியில் போய்ச் சாப்பிட வேண்டும். சோற்றில் ஒரு மினுக்கல் தெரிந்தாலும் பாத்திரத்தோடு கொட்டிவிடுவாள். "பசிச்சா பரவாயில்லை. கண்ணாடியைத் தின்னா பரவாயில்லையா?" என்பாள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் ஒரு கண்ணாடி கை நழுவியது. அவள் பிடிக்கப் போனாள். கீழே விழுகிற பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரிதான். உள்ளங்கை கட்டை விரல் வரைக்கும் பிளந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவளிடம் அவர் கத்தினார். பெண்டாட்டியிடம் கத்தியது அந்த ஒரு தடவைதான் என்பார். "கண்ணாடி போனா போகட்டும்! சரியுதுன்னு தெரிஞ்சா பிடிக்காதே. கையை மேல தூக்கு, பின்னாடி போ. வேற கண்ணாடி வாங்கிக்கலாம், வேற கை வாங்க முடியுமா?" காலிப் பலகையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பழக்கினார். அவர் விடுவார், அவள் கையைத் தூக்க வேண்டும். அதன் பிறகு ஐம்பது வருடத்தில் எத்தனையோ உடைந்திருக்கிறது. ஒரு கீறல் கிடையாது.

"ஏங்க."

"சொல்லு."

"அவ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை."

"கேட்டுட்டுத்தானே இருந்தேன். தரையைப் பத்தி நல்லாப் பேசினே."

"விட்டுட்டேங்க." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உங்க பாரம் ஒரு பக்கமா போச்சு. தெரிஞ்சுது. அவ்வளவுதான் தெரியும். அப்புறம் பாத்தா என் கை ரெண்டும் காதுகிட்ட இருக்கு. நீங்க கீழ கிடக்கறீங்க."

"தெரியும். நான் உன் எதிர்லதானே இருந்தேன்."

"புடிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டீங்க."

"நீ மட்டுமா விட்டே?" என்றார். "நானும்தான் விட்டேன். உன் கையைக் கெட்டியாப் புடிச்சிருந்தேன்ல? சரியுதுன்னதும் தூக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. தொழில் சுத்தம்."

"சிரிக்காதீங்க."

"பலகையை வெச்சுக்கிட்டு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தது நான். யாரைக் கோச்சுக்கறது?"

"நீங்க கண்ணாடியா?"

"இப்ப அதைவிட லேசாத்தான் இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இதுக்கு வேற தெரியாதுங்க. மனசுல ஆயிரம் நெனச்சுக்கலாம். அடுத்த தடவை நீங்க சாஞ்சாலும் இது மேலதான் போகும்."

ஜன்னல் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அவர் மட்டும்தான் பார்த்தார்.

*

மகள் மறுநாள் ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். மேட்ரன் இன்னும் வராததால் மாடியைப் பார்த்துவிடலாம் என்று ஏறிப் போனாள். இறங்கி வந்து அலுவலக அறையில் உட்கார்ந்தபோது முகத்தில் நேற்றைய வேகம் இல்லை.

மேட்ரன் கெட்டவள் அல்ல. பேசும்போது மேசையில் பேனாவை நேராக்கிக்கொண்டே பேசுவாள். "போன வருஷம் ரெண்டாம் ரூம் அம்மா விழுந்தாங்க. இடுப்பு எலும்பு. மூணு வாரம்தான். அவங்க பையனுக்கு போன் பண்ணினது நான். அந்த போனை இன்னொரு தடவை பண்ண என்னால ஆகாதும்மா."

சக்கர நாற்காலியில் ஐயாவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள் புயல். சாப்பாட்டு வண்டி தள்ளுகிற பணிப்பெண், நாற்பது வயது, பெரிய தோள், பெரிய குரல். அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்ததும் தபால்காரர்தான். பின்னாலேயே கண்ணாடியம்மா, புடவை மாற்றி, தலை வாரி, வெளியூருக்குக் கிளம்பியவள் மாதிரி வந்தாள்.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் மேட்ரன் புயலிடம்.

"பத்து தடவை சொல்லிட்டேனே மேட்ரன். ஐயா வழுக்கினார். அம்மா கையைத் தூக்கிட்டாங்க. நான் ஓடி வர்றதுக்குள்ள விழுந்துட்டார். அம்மா மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. பதட்டத்துல யாருக்கும் அப்படி ஆகும். ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியலை."

"என்ன?"

"விழுந்தவரைத் தூக்கவே இல்லை. அழவும் இல்லை. பக்கத்துல உக்காந்து அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. ரெண்டு கையையும். அப்புறம் பாதத்தை. கீழ கிடக்கிற மனுஷனும் இவங்க கையைப் புடிச்சுத் திருப்பிப் பாக்கறார்! வலியில கத்த வேண்டியவர்!"

மகள் நிமிர்ந்தாள்.

அன்று பட்டறையில் அவளுக்கு ஏழு வயது இருக்கும். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தது. பெரிய சத்தம். பிறகு சத்தமே இல்லை. தரை முழுக்க ஒளி சிதறிக் கிடந்தது. அதன் இந்தப் பக்கம் அம்மாவின் கால், அந்தப் பக்கம் அப்பாவின் கால். எட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் கை தலைக்கு மேல். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு சில்லுகளைச் சுற்றி நடந்து வந்து ஒருவர் உள்ளங்கையை ஒருவர் விரித்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு விரலாக. ஒரு மாதச் சம்பாத்தியம் தரையில் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. "உன் செருப்பைத் தூக்கு, அடியைக் காட்டு," என்று அம்மா அப்பாவை அதட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது.

"அம்மா," என்றாள் மகள்.

"ஆமா," என்றாள் கண்ணாடியம்மா. "கையை எடுத்தேன். தரை ஈரம்தான், ஆனா கையை எடுத்தேன்."

"நானும்தான் எடுத்தேன்," என்றார் ஐயா. "அதை யாரும் எழுதிக்கலை."

மேட்ரன் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள். மகள்தான் பட்டறையை, கண்ணாடியை, காலிப் பலகையைச் சொல்லிப் புரியவைத்தாள். சொல்லி முடித்ததும், "அப்பா மாடிக்குப் போக வேண்டாம்," என்றாள்.

"போகட்டும்," என்றாள் அம்மா.

"நான் மாடியைப் பாத்துட்டு வர்றேன்மா…"

"நானும் பாத்திருக்கேன்…"

"பதினாலு பேர் இருக்காங்க. பதினாலு பேரும் சுத்தமா இருக்காங்க, தலை வாரி, பவுடர் போட்டு. ஒருத்தரும் நடக்கலை. எத்தனை பேர் விழுந்திருக்காங்கன்னு கேட்டேன். மாடியில யாரும் விழறதே இல்லைன்னு பெருமையாச் சொல்றாங்க. நடந்தாத்தானே விழ!"

"நேத்து இதே வாய்தானே மாடிக்குப் போகணும்னுச்சு?"

"நேத்து சொன்னேன். இன்னிக்கு வேண்டாங்கறேன்."

"நேத்து நான் வேண்டாம்னேன். இன்னிக்குச் சொல்றேன், போகட்டும். அங்க அவரைக் கட்டியாவது வெப்பாங்க. என் கையை நம்பி நீ அவரைக் கீழ நிறுத்தாதே. என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லை."

"இந்த வீட்டுப் பொம்பளைங்க," என்றார் ஐயா மேட்ரனிடம், "ஒரு பக்கமா நிக்கவே மாட்டாங்க. எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்குமா?"

மேட்ரன் பேனாவை விட்டாள். "சொல்லுங்க ஐயா."

"எனக்கு எண்பத்தொண்ணு. மாடியில கட்டிப்போட்டா தொண்ணூறு வரைக்கும் இருப்பேன்னு வெச்சுக்கோங்க. ஒன்பது வருஷம், மூணு மணிக்கு இவ வருவா, அஞ்சு மணிக்குப் போவா. கீழ இருந்தா இன்னும் ரெண்டு தடவை விழுவேன். மூணாவது தடவை போயிடலாம். அதுவரைக்கும் காலையில எழுந்து, நடந்து போய், மேசையில உக்காந்து காபி குடிப்பேன். அவ்வளவுதான் கணக்கு."

புயல் மூக்கை உறிஞ்சினாள்.

"எழுதிக் கொடுக்கணும்," என்றாள் மேட்ரன் கடைசியில். "விழுந்தா இல்லம் பொறுப்பில்லைன்னு. அப்புறம் இடுப்புல ஒரு பட்டை கட்டணும். நடக்கும்போது இவங்க பின்னாடி பட்டையைப் புடிச்சுக்கிட்டு வரணும்." புயலைக் காட்டினாள். "ஆனா எதிர்ல நின்னு கூப்பிடறதுக்கு அம்மா வேணுமே. வேற யார் கூப்பிட்டாலும் ஐயா அசையறதில்லையே. நடக்கலைன்னா விதிப்படி மாடிதான். அதை நான் மாத்த முடியாது."

"நான் நிக்க மாட்டேன்," என்றாள் கண்ணாடியம்மா.

"அம்மா!"

"அவர் நடக்கட்டும். யார் வேணாலும் எதிர்ல நிக்கட்டும். நான் நிக்க மாட்டேன்."

"ஒரு வாரம் பாக்கலாம்," என்றாள் மேட்ரன், மகளைப் பார்த்து. "நாளையிலேருந்து ஒரு வாரம்."

ஐயா வலது கையால் கையெழுத்துப் போட்டார். இடது கை உதவிக்கு இல்லாததால் காகிதம் நகர்ந்தது. கண்ணாடியம்மா ஒரு விரலால் அதன் ஓரத்தை அமுக்கிக்கொண்டாள்.

*

மறுநாள் ஆறரை மணிக்கு வெளிச்சம் வந்தது. காற்று அடங்கியிருந்தது. புயல் இடுப்புப் பட்டையோடு வாசலில் நின்றாள். கையில் வண்டி இல்லாததால் அவளுக்கு நிற்கத் தெரியவில்லை, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். பட்டையை ஐயாவுக்குக் கட்டியாகிவிட்டது.

"இறுக்கமா இருக்கா ஐயா?"

"கல்யாணத்தன்னிக்கு வேட்டிகூட இவ்வளவு இறுக்கமாக் கட்டலை."

புயல் அவரைக் கட்டில் ஓரத்திலிருந்து எழுப்பி நிறுத்தினாள். நிற்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. நின்றார். புயல் பின்னால் போய்ப் பட்டையைப் பிடித்தாள். "போலாமா?" என்றாள். ஐயா போக நினைத்தது தோளில் தெரிந்தது. காலுக்கு அது எட்டாத மாதிரி இருந்தது.

கண்ணாடியம்மா தன் கட்டிலில் உட்கார்ந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்தாள். ஓரத்தோடு ஓரம் வைத்து மறுபடி மடித்தாள்.

தாழ்வாரத்தில் தபால்காரரின் தடி டக் டக்கென்று போனது. பின்னால் இன்னொருவர். கூடத்தில் கோப்பைகள் வைக்கிற சத்தம் கேட்டது. புயல் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். ஐயா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். ஒன்றில் கட்டு, ஒன்றில் இல்லை. உள்ளங்கைகள் மேல் பார்த்திருந்தன. எடை இல்லாத எதையோ வாங்கிக்கொள்ள நிற்பவர்போல நின்றார். கட்டுப் போட்ட கை கனத்தது. அவர் அதை இறக்கவில்லை.

"இங்க பாரு," என்றார். "புடிக்கிறதுக்குப் பின்னாடி ஆள் இருக்கு. நீ புடிக்கவே வேண்டாம், எதிர்ல நின்னு வழியை மட்டும் சொல்லு."

போர்வை மறுபடி பிரிந்தது.

"வர்றியா, இல்ல எனக்குக் காபியை இங்கயே கொண்டுவரச் சொல்லவா?"